செல்ஃப் சில நேரம் ‘டக்’, சில நேரம் சத்தமே இல்லை: பேட்டரி மாற்றியும் மோட்டார் பிரித்தும் தீராத கோளாறு

உப்பளக்காற்று, வேதாரண்யம்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2008ஆம் ஆண்டு பெட்ரோல் கார். சிறிய வண்டி, 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதமாக செல்ஃப் எடுப்பதில் தகராறு. சாவியைத் திருப்பினால் சில நேரம் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வருகிறது. சில நேரம் அதுவும் இல்லை. ஐந்தாறு முறை திருப்பினால் எதுவும் நடக்காதது போலக் கிளம்பிவிடும்.

முதலில் பேட்டரியை மாற்றினேன். பயனில்லை. பிறகு ஒரு பட்டறையில் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷும் புஷ்ஷும் புதிதாகப் போட்டார்கள். 2,800 ரூபாய் ஆனது. இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடியே ஆகிவிட்டது. வண்டி சூடாக இருக்கும்போதுதான் அதிகமாகப் படுத்துகிறது.

போன வாரம் அம்மாவைக் கண் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போனேன். மன்னார்குடியில் பெட்ரோல் போட நிறுத்தினேன், பிறகு எடுக்கவே இல்லை. பங்க் ஊழியர்கள் தள்ளித்தான் கிளம்பினோம். கண்ணில் மருந்து விட்டுத் திரும்பி வரும் அம்மாவை அடுத்த முறை நடுவழியில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. முழு மோட்டாரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

நீலகிரி வளைவு, குன்னூர்

எனக்கும் இதே தொல்லை இருந்தது. பேட்டரி டெர்மினலில் வெள்ளை பூத்துப் போயிருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் சரியானது. புதிய பேட்டரி என்றாலும் பழுதாக வர வாய்ப்பு உண்டு. வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள்.

செம்புக்கம்பி, கோயம்புத்தூர்

தம்பி, இனி ஒரு ரூபாய்க்கும் எதுவும் வாங்காதீர்கள். முப்பது ஆண்டு கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் வண்டியை இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. கழற்றி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. ‘டக்’ என்று சத்தம் வருவதும் சத்தமே வராததும் ஒன்றல்ல. ‘டக்’ என்றால் சாவியிலிருந்து கட்டளை, செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்சான சோலனாய்டு வரை போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்குப் பிறகு ஏதோ தடை. சத்தமே இல்லை என்றால் கட்டளை வழியிலேயே தொலைந்துவிட்டது. ‘டகடகடக’ என்று அடித்திருந்தால் நானும் பேட்டரியைத்தான் சந்தேகித்திருப்பேன். இரண்டையும் ஒரே நோயாக எண்ணித்தான் எல்லோரும் மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், சாதாரணமானதே போதும். 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து மூன்று அளவுகள் எடுங்கள். இரவு முழுக்க நின்ற பிறகு பேட்டரியின் வோல்ட் எவ்வளவு? செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது? மக்கர் செய்யும்போது, சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கையில் எவ்வளவு? மூன்றாவதுதான் மிக முக்கியம். மீட்டர் முள்ளை ஈயக் குமிழிலேயே வையுங்கள், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வைக்காதீர்கள். இருட்டில் முன்விளக்கைப் போட்டும் பாருங்கள். மக்கர் செய்யும் நேரம் விளக்கு மங்குகிறதா, அப்படியே எரிகிறதா?

உப்பளக்காற்று

ஐயா, நன்றி. நான்கு நாள் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அளக்க நிற்கும்போதெல்லாம் வண்டி சமர்த்தாகக் கிளம்பிவிடுகிறது.

நின்ற நிலையில் 12.62. நன்றாகச் சுற்றும்போது 10.4. ‘டக்’ என்று நிற்கும்போது 12.1. முன்விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை. சத்தமே வராதபோது ஒருமுறைதான் பார்க்க முடிந்தது, அப்போது 12.4.

இஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையையும் மீட்டரில் ஓம், அதாவது தடை அளவில் வைத்துப் பார்த்துவிட்டேன். 0.3 காட்டியது. மீட்டரின் இரண்டு முள்களையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.3தான் காட்டுகிறது. ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மல்லிகை, திருச்சி

சகோதரரே, அந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவள். ஆண்டுதோறும் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

செல்ஃப் மோட்டார் சிறிய பெட்ரோல் காரிலேயே 150 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வழியில் 0.02 ஓம் தடை இருந்தால் போதும், 150ஐ அதனால் பெருக்கினால் 3 வோல்ட். பன்னிரண்டில் மூன்று போய்விட்டால் மோட்டாருக்கு என்ன மிஞ்சும்? அந்த 0.02ஐ உங்கள் மீட்டரால் பார்க்கவே முடியாது, 0.1க்குக் கீழே அதற்குப் பார்வை கிடையாது. நூறு இழையில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் கேபிளும் ஓம் மீட்டருக்கு நல்ல கேபிள்தான். அதனால் மின்னோட்டம் பாயும்போது எங்கே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் 12.1. பேட்டரியில் சரக்கு இல்லாமலோ மோட்டார் இறுகிப்போயோ இருந்தால் வோல்ட் ஒன்பதுக்கும் கீழே சரிந்திருக்கும், விளக்கும் அணையப் பார்க்கும். உங்களுக்கு அரை வோல்ட்தான் இறங்கியிருக்கிறது. மோட்டாருக்குப் பெரிய மின்னோட்டம் போகவே இல்லை என்று பொருள். பேட்டரி மேல் பழி இல்லை.

சோலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. தடித்த சுருள் உலக்கை போன்ற இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும், அது மோட்டார் வழியாக எர்த்தைச் சேரும். மெல்லிய சுருள் இழுத்த தண்டைப் பிடித்து வைத்திருக்கும், அது தன் உடல் வழியாகவே எர்த் ஆகும். தண்டு முழுவதும் உள்ளே போனால்தான் அதன் மறுமுனையில் இருக்கும் செம்புத் தட்டு இரண்டு போல்ட்டுகளையும் இணைக்கும், மோட்டார் சுற்றும். உங்கள் வண்டியில் தண்டு கிளம்பி முட்டுகிறது, ஆனால் முடிக்கவில்லை. அதற்கு வர வேண்டிய வோல்ட்டை நடுவில் யாரோ தின்றுவிடுகிறார்கள்.

வடமராட்சி, யாழ்ப்பாணம்

வணக்கம். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பிறகு என் எண்ணத்தைச் சொல்கிறேன். அண்மையில் கிளட்ச் கேபிளோ ஆக்சிலரேற்றர் கேபிளோ மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் எத்தனை தரம்?

உப்பளக்காற்று

கிளட்ச் கேபிள் இந்த ஒரு ஆண்டில் இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். இறுகி இறுகிப் போகிறது. மட்டமான உதிரிபாகம் என்று நினைத்து இரண்டாவது முறை விலை கூடியதையே போட்டேன். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வடமராட்சி

அதுதான் தொடர்பு. இப்போதே பொனற்றைத் திறந்து, கிளட்ச் கேபிளின் வெளியுறை கியர்பெட்டியைத் தொடும் முனையைப் பாருங்கள். பிளாஸ்டிக் உருகிப் பளபளத்திருக்கும். வேறொருவரைத் திறப்பைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தைப் புறங்கையால் மெல்லத் தொடுங்கள்.

இஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் இடையே மின்சாரம் போக ஒரே ஒரு எர்த் பட்டைதான் இருக்கும். அது கெட்டால் மின்சாரம் சும்மா நிற்காது, வேறு வழி தேடும். இஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கும் மற்ற உலோகம் எது? கேபிள்களின் இரும்புச் சுருள் உறைதான். கிளட்ச் கேபிள் எர்த் கேபிளின் வேலையைச் செய்யப் போய்ச் சூடேறி, உள்ளுறை உருகி, இறுகுகிறது. என் தகப்பனார் கராஜில் நான் முதன்முதலில் கற்றது இது. 1990களில் பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடையாது. சில துளி பெற்றோலில் இஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். முதல் சுற்றிலேயே பிடிக்காவிட்டால் அந்தத் துளியும் வீண். அதனால் எர்த் முனைகளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டாமல் அப்பா எந்த வண்டியையும் வெளியே விடமாட்டார். நீங்களும் எங்களைப் போலக் கடலோரத்தவர், அதுவும் உப்பள ஊர். உங்கள் பேரைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது.

உப்பளக்காற்று

உடனே போய்ப் பார்த்தேன். உறையின் முனையில் ஓர் அங்குலத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக் மெழுகு போல வழிந்து உறைந்திருக்கிறது. என் மகள் சாவியைத் திருப்பினாள். மூன்றாவது திருப்பலில் கையை வைக்க முடியவில்லை.

இரண்டு கேபிள்களை மாற்றிய பட்டறையில் இரண்டு முறையும் இதைப் பார்த்திருப்பார்கள்தானே?

செம்புக்கம்பி

வடமராட்சிக்காரர் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய கேள்வியைக் கேட்டார். ஆனாலும் அளந்து உறுதி செய்துவிட்டே கை வைப்போம்.

கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் விரல் போய்விடும், நான் பார்த்திருக்கிறேன். மீட்டரின் கறுப்பு முள் பேட்டரி மைனஸ் குமிழில், சிவப்பு முள் செல்ஃப் மோட்டாரின் வெறும் உலோக உடலில். சாவியைத் திருப்பும்போது மீட்டர் 0.2, மிஞ்சிப்போனால் 0.3 காட்டலாம். அதற்கு மேல் காட்டுவதெல்லாம் எர்த் வழியில் வீணாகிறது. அதுபோலவே பிளஸ் குமிழுக்கும் பேட்டரி கேபிள் வந்து சேரும் மோட்டாரின் 30ஆம் டெர்மினல் போல்ட்டுக்கும் இடையே அளங்கள். அங்கே 0.5க்குள் இருக்க வேண்டும்.

பிறகு ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையைக் கியர்பெட்டியின் வெறும் இரும்பிலும் மாட்டிச் சாவியைத் திருப்புங்கள். முறையாகச் சுற்றினால் வழக்கு முடிந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்து மோட்டாரின் இரண்டு போல்ட்டுகளையும் இணைத்துப் பார்க்கும் வித்தை மட்டும் வேண்டாம். வண்டி கியரில் இருந்தால் ஆள் மேலேயே ஏறிவிடும்.

உப்பளக்காற்று

அளவுகள்:

பிளஸ் பக்கம் 0.2. அது சரி.
எர்த் பக்கம், நன்றாகச் சுற்றும்போது 1.9.
எர்த் பக்கம், ‘டக்’ என்று நிற்கும்போது 4.6.
ஜம்பர் கேபிள் மாட்டிய பிறகு 0.3. உடனே சுற்றியது.

கியர்பெட்டியில் எர்த் பட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றினேன். செல்ஃப் மோட்டாரைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளில் மேல் போல்ட்தான் அது. மேலே பார்த்தால் வளையம் பளிச்சென்று இருந்தது. திருப்பிப் பார்த்தபோது உள்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு, நடுவில் வெள்ளைத் தூள். பின்னலாக இருக்கும் செம்புப் பட்டையை விரலால் மடக்கினேன். முனையருகே பொரித்த அப்பளம் போல நொறுங்கிக் கறுப்புத் துகளாக உதிர்ந்தது. பாதிக்கு மேல் இழைகள் உள்ளேயே அறுந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பட்டறையில் மோட்டாரைக் கழற்றிய பிறகு இரண்டு வாரம் ஏன் நன்றாக ஓடியது என்பதும் இப்போது புரிகிறது. அதே போல்ட்டைக் கழற்றி இறுக்கியதில் களிம்பு சற்று நசுங்கி வழி கிடைத்திருக்கிறது. நான் 2,800 ரூபாய் கொடுத்தது ஒரு போல்ட்டை இறுக்கியதற்குத்தான்.

25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் இரு முனையும் அழுத்தி வளையம் போட்டுப் புதிதாக மாட்டிவிட்டேன். பாடி பக்கம் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். இப்போது எர்த் பக்கம் 0.12. மோட்டார் சுற்றும் வேகத்தைக் கேட்டு என் மகளே திரும்பிப் பார்த்தாள்.

நீலகிரி வளைவு

பேட்டரியை மாற்றச் சொன்னதற்கு வருந்துகிறேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இப்போது சுற்றும்போது பேட்டரி எவ்வளவு காட்டுகிறது?

உப்பளக்காற்று

10.1. முன்பு 10.4 இருந்தது. சரி செய்த பிறகு குறைந்திருக்கிறதே, இது நல்லதா?

மல்லிகை

நல்லதுதான். முன்பு அழுகிய பட்டை மின்னோட்டத்தை மறித்துக்கொண்டிருந்தது, அதனால் பேட்டரிக்குச் சுமை குறைவு. இப்போது வழி திறந்துவிட்டது, மோட்டார் கேட்டதை இழுக்கிறது, பேட்டரி இன்னும் கொஞ்சம் குனிகிறது. நல்ல பேட்டரி இந்த வேலையின்போது 9.6க்குக் கீழே போகாமல் இருந்தால் போதும்.

செல்ஃப் மோட்டார் சில விநாடிகள் மட்டும் மிகையாக உழைப்பதற்காகவே செய்யப்பட்டது. 1912இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் முதன்முதலில் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தபோது அவருக்குக் கைகொடுத்த எண்ணமே அதுதான். அதற்கு முன் அவர் கடைகளின் பணப்பதிவு எந்திரத்தை மின்மோட்டாரில் இயக்கிக் காட்டியவர். தொடர்ந்து ஓட வேண்டியதில்லை என்றால் சிறிய மோட்டாரிலிருந்தும் பெரிய வேலை வாங்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். எடுக்கவில்லை என்றால் அரை நிமிடமாவது விட்டுத் திருப்புங்கள்.

செம்புக்கம்பி

‘டக்’ தீர்ந்தது. மற்றது?

உப்பளக்காற்று

ஐயா, ஒன்பது நாள் ஓட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘டக்’ ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் சத்தமே இல்லாத நிலை மூன்று முறை வந்தது. மூன்றும் திருத்துறைப்பூண்டி வரை போய்ச் சூடாகத் திரும்பிய பிறகு. ஒருமுறை ஸ்டியரிங் அடியில் லேசாகப் பொசுங்கல் வாடை அடித்தது.

செம்புக்கம்பி

அந்த வாடையே பாதி விடை. உங்கள் வண்டியில் ஸ்டார்ட்டர் ரிலே, அதாவது சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்ச், உண்டா என்று பாருங்கள். அந்தக் காலத்துச் சிறிய கார்கள் பலவற்றில் கிடையாது. இக்னிஷன் சுவிட்சிலிருந்து ஒரே ஒயர் நேராக சோலனாய்டின் 50ஆம் டெர்மினலுக்குப் போகும். அப்படியானால் சோலனாய்டு இழுக்கும் மின்னோட்டம் முழுவதையும் பதினைந்து ஆண்டாக அந்தச் சுவிட்சின் சிறிய செம்புப் புள்ளிதான் சுமந்திருக்கிறது.

ஸ்டியரிங் அடிமூடியைக் கழற்றுங்கள். சுவிட்ச் சாக்கெட்டின் பின்புறமாக மீட்டர் முள்ளைச் செருகி, மக்கர் செய்யும் நேரத்தில் மூன்று இடங்களில் எடுங்கள்: சுவிட்சுக்குள் வரும் பேட்டரி ஒயர், சுவிட்சிலிருந்து வெளியேறும் ஸ்டார்ட் ஒயர், மோட்டாரில் 50ஆம் டெர்மினல். எந்த இரண்டுக்கும் நடுவே வோல்ட் காணாமல் போகிறதோ அங்கே திருடன் இருக்கிறான்.

உப்பளக்காற்று

ரிலே இல்லை. நேற்று மாலை சிக்கியது.

சுவிட்சுக்குள் வருவது 12.1. வெளியேறுவது 5.3. மோட்டாரில் 5.0.

மல்லிகை

6.8 வோல்ட் ஒரு சுவிட்சுக்குள். சோலனாய்டின் தடையை வைத்துப் பார்த்தால் அப்போது ஏறத்தாழ 20 ஆம்பியர் ஓடியிருக்கும். பெருக்கினால் 136 வாட். நகக்கண் அளவுள்ள ஓர் இடத்தில் ஒரு பெரிய குண்டு பல்பின் சூடு. பொசுங்கல் வாடை வேறெங்கிருந்து வரும்?

சூடான வண்டியில் மட்டும் ஏன் என்பதற்கும் விளக்கம் உண்டு. ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏறும்போதும் செம்பின் தடை 0.39 விழுக்காடு கூடும். இஞ்சினை ஒட்டியிருக்கும் சோலனாய்டு 25 டிகிரியிலிருந்து 85க்குப் போனால் சுருளின் தடை கிட்டத்தட்ட கால்வாசி கூடிவிடும். காலையில் தட்டுத் தடுமாறி இழுத்த அதே வோல்ட், சூட்டில் போதாமல் போகிறது.

வடமராட்சி

சுவிட்சை விட்டுவிட்டு ஒரு ரிலே போட்டுவிடுங்கள். ரிலேயின் சுருளுக்கு 0.15 அம்பியர்தான் வேண்டும், அதைப் பழைய சுவிட்ச் தாங்கும். இங்கே பல வண்டிகளுக்கு அப்படித்தான் செய்கிறோம்.

செம்புக்கம்பி

நண்பரே, இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரிலே போடுவதை நான் எதிர்க்கவில்லை, எரிந்த சுவிட்சை உள்ளேயே விட்டுவைப்பதைத்தான் எதிர்க்கிறேன். அதே சுவிட்ச்தான் இக்னிஷன் காயிலுக்கும் மின்சாரம் கொடுக்கிறது. உள்ளே செம்பு உருகிப் பிளாஸ்டிக் இளகியிருந்தால், நாளை ஓடும் வண்டி நெடுஞ்சாலையில் அணையும். அல்லது ஸ்டார்ட் புள்ளி ஒட்டிக்கொண்டு, இஞ்சின் ஓடும்போதும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். சுவிட்சை மாற்றிவிட்டு ரிலேயும் போடட்டும்.

வடமராட்சி

ஐயா சொல்வது சரி. எங்களுக்குப் புது சுவிட்ச் கிடைக்காத நாளில் பழகிய பழக்கம் அது. உங்களுக்குக் கடையில் கிடைக்கிறது, மாற்றுங்கள்.

செம்புக்கம்பி

பூட்டு உருளையைத் தொட வேண்டாம், சாவி மாறாது. பின்னால் இரண்டு திருகில் நிற்கும் மின்பகுதியை மட்டும் வாங்குங்கள். வேலைக்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள். ரிலே 40 ஆம்பியர் வகை: 30ஆம் கால் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 87 சோலனாய்டின் 50க்கு, 86 சுவிட்சின் ஸ்டார்ட் ஒயருக்கு, 85 பாடி எர்த்துக்கு. ஒயர் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ரிலேயின் கால்கள் கீழே பார்க்கும்படி, பேட்டரியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். உங்கள் ஊர்க் காற்றில் நீர் தேங்கினால் இன்னொரு களிம்புக் கதை தொடங்கும்.

உப்பளக்காற்று

செய்துவிட்டேன். இரண்டரை மணி நேரம் பிடித்தது.

பழைய சுவிட்சை மேசை மேல் வைத்துப் பிளந்து பார்த்தேன். மூன்று செம்புப் புள்ளிகள். இரண்டு மங்கலாக, ஆனால் முழுதாக இருந்தன. மூன்றாவதில் ஊசியால் கொத்தியது போலக் குழிகள், சுற்றிலும் கரி. கிரீஸ் காய்ந்து கருவாட்டுத் தோல் போல உரிந்து வந்தது. பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறிச் சற்றே குழிந்திருந்தது. என் மகள் அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள், பள்ளியில் காட்ட வேண்டுமாம்.

50ஆம் டெர்மினலில் இப்போது சுற்றும்போது 9.8, அதே நொடியில் பேட்டரியில் 10.1.

உப்பளக்காற்று

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று அம்மாவைத் தஞ்சாவூருக்கு மறுபரிசோதனைக்கு அழைத்துப் போய் வந்தேன். நல்ல வெயில். மன்னார்குடியில் அதே பங்கில் வேண்டுமென்றே நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கால் மணி நேரம் காத்திருந்தேன். சாவியைத் தொட்டதும் பிடித்தது. கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்த அம்மா, “கிளம்பிட்டதா?” என்று மட்டும் கேட்டார்.

இன்று காலை மீண்டும் அளந்தேன். எர்த் பக்கம் 0.13. கிளட்ச் கேபிள் குளிர்ந்தே இருக்கிறது.